பாலம் ஐயாவுக்கு ஆதாரமில்லாத பதக்கம் எதற்கு?

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இன்று காலை அந்தத் தகவல் மறுபடியும் வந்தது. பாலம் கல்யாணசுந்தரம் ஐயாவின் படம். அதன் கீழே, ஒரு சிறு ஆதாரமும் இல்லாமல், அவருக்குக் கிடைத்ததாக வெளிநாட்டுப் பட்டங்களும் கோடிக்கணக்கான பணமும் வரிசையாக. அனுப்பியவர் என் சித்தப்பா. அன்போடுதான் அனுப்பினார், தெரியும். ஆனாலும் மனம் பொறுக்கவில்லை. அந்த மனிதர் செய்ததைச் செய்தபடியே சொன்னால் போதாதா?

ஸ்ரீவைகுண்டம் குமரகுருபர சுவாமிகள் கலைக் கல்லூரியில் நூலகராக இருந்தவர் அவர். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தன் சம்பளம் முழுவதையும் ஏழைப் பிள்ளைகளுக்கும் ஆதரவற்றவர்களுக்கும் கொடுத்துவிட்டார். திருமணம் செய்துகொள்ளவில்லை. தன் வயிற்றுப்பாட்டுக்கு உணவகத்தில் சர்வராக வேலை பார்த்தார்.

இந்தக் கடைசி வரியைத்தான் என்னால் கடந்து போக முடிவதில்லை. கல்லூரி நூலகர் என்றால் எங்கள் நெல்லைப் பக்கத்தில் எதிரே வந்தாலே 'வணக்கம் சார்' என்று ஒதுங்கி வழிவிடுவார்கள். அந்த 'சார்' இன்னொரு வேளையில் தட்டேந்தி நிற்கிறார். தன்னிடம் புத்தகம் வாங்கிப்போன மாணவனே சாப்பிட வந்து உட்கார்ந்தால்? பணத்தைக் கொடுக்கிறவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். பணத்தோடு சேர்த்துப் பதவியின் கௌரவத்தையும் இறக்கி வைத்தவர் என்று இவரைத் தவிர வேறு யாரையும் நான் அறியேன்.

இளம் வயதில் தன் மெல்லிய குரலை எண்ணி மிகவும் நொந்துபோயிருந்தவர் அவர். எழுத்தாளர் தமிழ்வாணனிடம் போய் அழுதபோது, நீ எப்படிப் பேசுகிறாய் என்று கவலைப்படாதே, மற்றவர்கள் உன்னைப் பற்றி உயர்வாகப் பேசும்படி வாழ்ந்து காட்டு என்ற பொருளில் அவர் தேற்றியதாக ஐயாவே சொல்லியிருக்கிறார். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த புலவர் குமரகுருபரர் ஐந்து வயதுவரை பேசாத பிள்ளை, திருச்செந்தூர் முருகன் அருளால் வாய் திறந்தார் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. குரலுக்காகக் கூனிக்குறுகிய ஒருவர், அந்தக் குமரகுருபரர் பெயர் தாங்கிய கல்லூரியிலேயே வேலைக்கு வந்து சேர்ந்தார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்குகிறது.

1962 சீனப் போரின்போது மாணவராக இருந்தவர், கழுத்தில் கிடந்த தங்கச் சங்கிலியைக் கழற்றிக் காமராஜரிடம் கொடுத்தார். பணி ஓய்வுக்குப் பிறகு சென்னையில் 'பாலம்' அமைப்பைத் தொடங்கினார். கொடுக்க மனமுள்ளவரையும் தேவையோடு நிற்பவரையும் சேர்த்து வைக்கும் வேலை அது. மத்திய அரசின் பத்மஸ்ரீ 2023இல்தான் வந்தது. எண்பதைத் தாண்டியிருந்தார். இவ்வளவு தாமதம் ஆகியிருக்க வேண்டாம் என்பது என் ஆற்றாமை. ஆனால் அந்தத் தாமதத்தை ஈடுகட்ட நாமாகப் பட்டம் கட்டிவிடுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. ஒன்று பொய்யென்று தெரிந்தால், சந்தேகப்படுகிறவன் மற்றதையும் சேர்த்தே தள்ளிவிடுவான். முப்பது வருடச் சம்பளமும் அதோடு போய்விடும்.

அதனால் பட்டங்களை நீக்கிவிட்டு, நூலகர் வேலை, சம்பளம், சர்வர் வேலை, சங்கிலி, பாலம், பத்மஸ்ரீ என்று ஆறே வரி எழுதிக் குழுவில் போட்டேன். இதைப் படிக்கும் நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள், என் பெயர் வேண்டாம்.

கொஞ்ச நேரத்தில் சித்தப்பா தொலைபேசியில் அழைத்தார். "சர்வராகவா இருந்தார்?" என்று கேட்டார். இத்தனை வருடம் அனுப்பியும், அந்தக் கோடிகளைத் தாண்டி அவர் படித்ததே இல்லையாம்.