கோர்ட்டுக்கு ஒரு கூரை வேண்டும்

ஐப்பசி பிறந்துவிட்டால் மாலை நான்கரை மணிக்கு நான் கூடைப்பந்து கோர்ட்டுக்குள் நுழையும்போது கையில் இருப்பது நீளக் கம்பு மாட்டிய ரப்பர் வைப்பர்தான். பிள்ளைகள் நான்கு பேர் சணல் சாக்கோடு பின்னால் வருவார்கள். நடுக்கோட்டுக்கும் கிழக்குப் பக்க ரிங்குக்கும் நடுவே சிமெண்ட் தரை சற்றுப் பள்ளம் வாங்கியிருக்கிறது. தண்ணீர் அங்கேதான் குளம் கட்டும். அதைத் தள்ளி, சாக்கால் ஒற்றி, ஓரத்துப் பாசியைச் செங்கல் துண்டால் தேய்த்து முடிப்பதற்குள் ஐந்தே கால் ஆகிவிடும். ஆறு மணிக்கு மூடுபனியும் இருட்டும் சேர்ந்து இறங்கும். இடையில் கிடைக்கிற முக்கால் மணி நேரத்தில் இன்னொரு சாரல் வராமல் இருந்தால் ஆட்டம் உண்டு. பெரும்பாலும் வந்துவிடும்.

கொடைக்கானலில் பதினோரு ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். ஒவ்வோர் ஆண்டின் வருகைப் பதிவு நோட்டையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். போன வாரம் அவற்றை எடுத்துப் புரட்டியபோது மனசு கனத்துவிட்டது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை பெயர்களுக்கு நேரே வரிசையாக டிக் அடையாளங்கள். ஏப்ரல், மே மாதங்களில் கோடை மழை அங்கங்கே கட்டங்களைத் தின்றிருக்கிறது. அக்டோபர், நவம்பர் பக்கங்களில் பெயர்கள் மட்டும் இருக்கின்றன. கட்டங்களுக்குக் குறுக்கே "மழை", "மழை", "மூடுபனி", "மழை" என்று என் கையெழுத்து. எட்டாம் வகுப்பில் பந்து பிடிக்கத் தொடங்கும் பெண் பன்னிரண்டாம் வகுப்பை முடிப்பதற்குள் ஐந்து வடகிழக்குப் பருவமழை வந்து போகிறது. அந்த ஐந்து பருவமும் அவளுடைய பயிற்சிக் கணக்கில் இல்லை. பள்ளிகளுக்கிடையேயான போட்டிகளுக்குத் திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் அவளை அழைத்துப் போகும்போது, எதிரே நிற்கும் பெண்ணுக்கு அந்த மாதங்களின் பயிற்சி இருக்கிறது.

மலையில் இருக்கும் கூடைப்பந்து ஆடுகளங்களுக்குக் கூரை போட வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது. ஆடம்பரத்துக்காகக் கேட்கவில்லை. இந்த விளையாட்டு பிறந்ததே கூரைக்குக் கீழேதான். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நைஸ்மித் என்ற ஆசிரியர், வெளியே கால் வைக்க முடியாத குளிர்காலத்தில் உடற்பயிற்சிக் கூடத்துக்குள் அடைபட்டுத் துறுதுறுத்த மாணவர்களுக்காக இதை உருவாக்கினார். பீச் பழக் கூடைகள் இரண்டை மாடத்தின் கைப்பிடியில் ஆணியடித்து மாட்டினார்கள். அந்தக் கைப்பிடி பத்தடி உயரத்தில் இருந்தது. இன்றும் உலகம் முழுவதும் ரிங்கின் உயரம் அதே பத்தடி, அதாவது 3.05 மீட்டர். வானிலை கெட்டபோது ஆடுவதற்கென்றே உண்டான ஆட்டத்தை, வானிலை கெட்டால் நாம் நிறுத்திவிடுகிறோம்.

"நாங்கள் எல்லாம் மழையில் நனைந்துதான் ஆடினோம், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஏன் இந்தச் சொகுசு?" என்று மூத்தவர்கள் சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. அவர்களில் இருவரிடம்தான் நான் லே-அப் போட, அதாவது ஓடிவந்து எம்பிப் பந்தைக் கூடைக்குள் போட, கற்றுக்கொண்டேன். ஆனால் மழைக்கும் இந்த ஆட்டத்துக்கும் ஒத்துவராது என்பது உலகத்துக்கே தெரிந்த நாள் ஒன்று உண்டு. ஒலிம்பிக்கில் கூடைப்பந்து முதன்முதலாகப் பதக்க விளையாட்டானது 1936இல், பெர்லினில். இறுதி ஆட்டத்தைத் திறந்த வெளியில், மண் தரையில் வைத்தார்கள். மழை கொட்டியது. சேற்றில் பந்து எழும்பவில்லை, பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓட வழியே இல்லை. அமெரிக்கா கனடாவை வென்றது 19க்கு 8 என்ற கணக்கில். ஓர் ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் இரண்டு அணிகளும் சேர்ந்து எடுத்தது 27 புள்ளிகள்! அடுத்த ஒலிம்பிக் 1948இல் லண்டனில் நடந்தபோது ஆட்டத்தை அரங்குக்குள் கொண்டுபோய்விட்டார்கள்.

மழை நாட்களை விடுங்கள். மழையில்லாத நாளிலும் திறந்த கோர்ட் பிள்ளைகளுக்குத் தவறாகக் கற்றுக்கொடுக்கிறது. மூன்று புள்ளிக் கோடு ரிங்கிலிருந்து 6.75 மீட்டர் தள்ளி இருக்கிறது. பள்ளத்தாக்கிலிருந்து காற்று ஏறி வரும் மாலையில் அவ்வளவு தூரத்திலிருந்து எறிந்தால் பந்து ஒரு சாண் விலகும். என் பிள்ளைகள் காற்றைக் கணக்கிட்டுச் சற்று இடப்பக்கமாக எறியப் பழகிவிட்டார்கள். அந்தப் பழக்கத்தோடு உள்ளரங்குக்குப் போனால் முதல் கால்பகுதி முழுக்கப் பந்து போர்டின் விளிம்பில் அடித்துத் திரும்பும். மணிக்கட்டுக்கு மறுபடி பாடம் எடுப்பதற்குள் ஆட்டம் கைவிட்டுப் போயிருக்கும்.

பந்தும் அப்படித்தான். ஈரச் சிமெண்டில் தோல் பந்தை இறக்க முடியாது. ஒரே வாரத்தில் தையல் உப்பிப் பந்து கனத்துவிடும். அதனால் ரப்பர் பந்தே கதி. அதிலும் ஜனவரிக் குளிரில் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, முந்தின நாள் மதியம் நன்றாக எழும்பிய பந்து காலையில் முழங்கால் உயரத்தோடு நின்றுவிடும். கீழே அரங்கத்தில் நல்ல பந்தைத் தொட்டதும் எங்கள் பிள்ளைகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். ஒருத்தி முகர்ந்துகூடப் பார்த்தாள்.

வழுக்கலைப் பற்றி நீட்டி எழுத எனக்கு மனமில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால், காய்ந்துவிட்டது என்று நான் நம்பிய தரையில் ஒரு பெண் திரும்பும்போது கால் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டில் முறிவு. "தரை காய்ந்துவிட்டது, இறங்குங்கள்" என்று சொன்னது நான்தான். அவளுடைய அம்மா என்னைக் கோபித்துக்கொள்ளவே இல்லை. "மழைக்காலம் முடியட்டும் சார், அப்புறம் அனுப்புகிறேன்" என்றார். அவள் பிறகு வரவேயில்லை.

கூரையும் நாலு விளக்கும் இருந்தால் ஆறு மணி என்பது கடைசி மணியாக இருக்காது. பெண் பிள்ளைகளுக்கு இது பெரிய விஷயம். இருட்டும் மூடுபனியும் சேர்ந்தால் பெற்றோர் அனுப்பத் தயங்குவார்கள், அதில் தவறும் இல்லை. நம் ஊரில் சாயங்காலம் எந்த வளைவில் காட்டுமாடு நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? வெளிச்சமுள்ள, நாலு பேர் இருக்கும் இடம் என்று தெரிந்தால் அப்பாவோ அண்ணனோ ஏழு மணிக்கு வந்து அழைத்துப் போவார்கள். மதிய வெயிலுக்கும் இதே கூரை வேண்டும். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் காற்று குளிர்ந்திருப்பதால் நமக்கு உறைப்பதில்லை; சமவெளியைவிட இங்கே புற ஊதாக் கதிர் கூடுதலாகத் தாக்கும். விடுமுறை நாட்களில் ஆடும் பிள்ளைகளின் மூக்கு நுனி உரிந்திருப்பதைப் பார்த்தாலே தெரியும்.

இப்போது என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விக்கு வருகிறேன். மலையில் இன்னும் கட்டடமா? நியாயமான கேள்வி. சரிவை வெட்டிச் சமதளம் எடுத்தால் என்ன ஆகும் என்று மலையில் பிறந்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து எத்தனை குடும்பங்கள் அழிந்தன! புதிய கோர்ட்டுக்காக ஒரு கூடை மண்ணைக்கூட வெட்ட வேண்டாம் என்பதே என் நிலை. ஏற்கெனவே இருக்கிற கோர்ட்டின் மேல் கூரை போடுங்கள். சுவர் எழுப்பிய அரங்கம் வேண்டாம், கேலரி வேண்டாம். இரும்புத் தூண், சட்டம், தகடு, பகல் வெளிச்சத்துக்கு இடையிடையே ஒளி ஊடுருவும் தகடு. தரையிலிருந்து ஏழு மீட்டர் வரை தடையில்லாமல் இருந்தால் உயரமாக எறியும் பந்துக்கு இடம் போதும். மரத்தளமும் கேட்கவில்லை; நம் ஊர் ஈரத்தில் மரம் உப்பிவிடும். காய்ந்த சிமெண்ட் தரை கிடைத்தாலே நான் கும்பிடு போடுவேன். பிற்பாடு கையில் காசு சேர்ந்தால் அதன்மேல் மூட்டுக்கு இதமான செயற்கை விரிப்பு போடலாம். மழைத் தண்ணீர் தேங்கும் தரையில் அந்த யோசனைக்கே இடமில்லை.

கோர்ட்டின் அளவு 28க்கு 15 மீட்டர். சுற்றிலும் இரண்டு மீட்டர் விட்டால் 32க்கு 19. அந்த அளவுக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை விழுந்தால் 6,000 லிட்டர் தண்ணீர். ஏப்ரலில் லாரித் தண்ணீருக்குக் காத்துநிற்கும் ஊரில், பள்ளிக் கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் அந்தத் தண்ணீர் எத்தனை நாள் வரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் மலையைத் தாண்டிப் போனபோது மரங்கள் சாய்ந்து, சாலை அடைபட்டு, மின்சாரம் இல்லாமல் கிடந்தோமே, அப்படியொரு நாளில் நூறு பேர் நனையாமல் உட்கார ஓர் இடம் என்றும் இதை நினைக்கலாம்.

மலைக்குக் கீழே பெரியகுளத்தில் கோடைதோறும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடக்கிறது. வங்கி அணிகள், படை அணிகள் எல்லாம் வந்து ஆடும் போட்டி. ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகளைப் பஸ் ஏற்றி அழைத்துப் போகிறேன். திரும்பி வரும் வழி முழுக்க வாய் ஓயாமல் அதே பேச்சு. மறுநாள் காலை ஆறு மணிக்கே கோர்ட்டில் நிற்பார்கள். அந்த வேகம் ஐப்பசி வரைக்கும் தாங்கும். பிறகு சாக்கும் வைப்பரும்.

வருகிற பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் இதைப் பேசப் போகிறேன். எனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. பக்கம் திறந்த கூரையில் மேற்கிலிருந்து சாய்ந்து அடிக்கும் சாரலை எப்படித் தடுப்பது? சுருட்டி ஏற்றும் தார்ப்பாய் நம் காற்றுக்கு நிற்குமா, அல்லது அந்த ஒரு பக்கம் மட்டும் பாதி உயரத்துக்குத் தகடு அடித்துவிடலாமா? ஊட்டியிலோ குன்னூரிலோ வால்பாறையிலோ இப்படிக் கூரை போட்டு அனுபவப்பட்டவர்கள் இருந்தால் கீழே எழுதுங்கள். பற்றவைக்கும் வேலை தெரிந்த நம் ஊர் நண்பர்கள் தூணின் கனம், தகட்டின் தடிமன் பற்றிச் சொன்னால் குறித்துக்கொள்கிறேன். கூட்டம் இருபதாம் தேதி.