இசக்கியை எங்கே விரட்டுவீர்கள்?

போன வாரம் நாகர்கோவிலில் ஒரு பேய்ப்படம் பார்த்தேன். கொன்று புதைக்கப்பட்ட பெண் பேயாக வருகிறாள். கடைசிப் பத்து நிமிடம் மந்திரவாதி, உடுக்கை, குங்குமம், தீ. அவள் எரிந்து சாம்பலானதும் தியேட்டரே கைதட்டியது. எனக்குக் கை எழவில்லை. செத்தவளை இன்னொரு தடவை கொன்றதற்கா கைதட்டு?

மந்திரவாதிகள் எங்கள் குமரி மாவட்டத்திலும் உண்டு. ஆனால் அநியாயமாகச் செத்த பெண்ணை விரட்டிவிட்டால் தீர்ந்தது என்று இங்கே யாரும் நினைப்பதில்லை. பீடம் போட்டு உட்கார வைப்போம். முப்பந்தல் இசக்கியம்மன் கதையைக் கேளுங்கள். தான் நம்பியவன் மடியில் தூங்கிக்கொண்டிருந்த பெண்ணை, அவனே நகைக்காகக் கள்ளிச்செடி ஓரம் கல்லைப் போட்டுக் கொன்றான். மறுபிறவியில் நீலியாக வந்தாள். கள்ளிக் கொப்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பழி தீர்த்தாள். இன்றைக்குப் பிள்ளை வரம் கேட்டு வருகிறவர்கள் அவள் சன்னதியில்தான் தொட்டில் கட்டுகிறார்கள்.

சின்ன வயதில் ஆச்சியோடு அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்குப் போவேன். நடுச்சாமத்தில் வில்லுப்பாட்டு அந்தக் கொலைக்கு வரும்போது குடத்தின் சத்தம் அப்படியே தாழும். நான் பாயில் ஆச்சியை ஒட்டிப் படுத்துக்கொண்டு, “பயமா இருக்கு ஆச்சி” என்பேன். “பாவம்லா மக்கா அவ” என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். என் பக்தி அந்தப் பயத்திலிருந்துதான் வந்தது.

மலையாளக் கதையிலும் இதேதான். கடமற்றத்துக் கத்தனார் என்ற கிறிஸ்தவப் பாதிரியார், பஞ்சவன்காட்டு யட்சியின் தலையில் ஆணி அடித்து அடக்குகிறார். ஆனால் கதை ஆணியோடு முடிவதில்லை. கடைசியில் அவளைப் பனையன்னார்காவு என்ற அம்மன் கோவிலில் குடியிருத்துகிறார். நம் படக்காரர்கள் ஆணியை எடுத்துக்கொண்டு காவை விட்டுவிட்டார்கள்.

1973இல் வந்த ‘தி எக்சார்சிஸ்ட்’ படத்தில் சிலுவையைவிட என்னைப் பிடித்து உலுக்கியது அந்த இளைய பாதிரியார்தான். தாயைப் பறிகொடுத்து, விசுவாசம் ஆட்டம் கண்டு நிற்கும் மனிதர். பேயை எதிர்கொள்வதற்குள் அவருக்குள்ளேயே ஒரு சண்டை நடக்கிறது. நம் படங்களில் விபூதி தோட்டா மாதிரி வேலை செய்கிறது. அதைப் பூசுகிறவன் மனசுக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு காட்சி கிடையாது. 2025இல் வந்த மலையாளப் படம் ‘லோகா’ கள்ளியங்காட்டு நீலி என்ற யட்சியைக் காப்பாற்றுகிறவளாகக் காட்டியபோது அவ்வளவு சந்தோஷப்பட்டேன்.

அடுத்த பேய்ப்படம் எடுக்கப்போகிறவர் தயவுசெய்து எங்கள் ஊர்க் கொடைக்கு ஒருமுறை வாருங்கள். சாமப் பூசைக்கு முன்னாலேயே வந்து, பெண்கள் உட்கார்ந்திருக்கும் பக்கம் அவர்கள் முகத்தைப் பாருங்கள்.