உலகம் அழியும்போது எந்த வண்டியில் ஏறுவது?

உலகம் அழிகிற நாளில் எந்த வாகனம் கையில் இருக்க வேண்டும் என்று பெடியள் கூடிக் கதைக்கத் தொடங்கினால், கதை ரொயோட்டாவின் ஹைலக்ஸ் பிக்கப்பில் தொடங்கி லாண்ட் குரூஸர் ஜீப் வழியாக யூனிமொக் லொறியில் போய் நிற்கும். கூரையில் நாலு லைட், பின்னால் ஜெரி கான், முன்னால் மாட்டையே இடித்துத் தள்ளுகிற பம்பர். டெஸ்லாவின் சைபர்ட்ரக் என்று சொல்பவர்களும் உண்டு. 2019இல் அறிமுக மேடையிலேயே கண்ணாடி வெடித்த அதே வண்டிதான்.

ஹைலக்ஸை நான் குறை சொல்ல மாட்டேன். 1987இல் சாட் நாட்டுப் படை லிபியாவின் தாங்கிகளை ரொயோட்டா பிக்கப்புகளில் போய்த்தான் கலைத்தது. ஆனால் அந்தப் பிக்கப்புகளுக்கு எரிபொருள் கிடைத்துக்கொண்டிருந்தது. எல்லாரும் எஞ்சினைத்தான் பார்க்கிறார்கள். அது எதைக் குடிக்கும், அது குடிப்பது ஊரில் எத்தனை நாளைக்குக் கிடைக்கும் என்று ஒருவரும் கேட்பதில்லை. பெற்றோலைக் கானில் அடைத்து வைத்தாலும் சில மாதங்களில் கெட்டுப்போகத் தொடங்கும்.

இதையெல்லாம் கற்பனை பண்ணத் தேவையில்லை. யாழ்ப்பாணம் வருடக்கணக்கில் செய்து பார்த்த பரிசோதனை இது. 1990இல் சண்டை திரும்பத் தொடங்க, பொருளாதாரத் தடையும் வந்தது. பெற்றோல் இல்லை, கரண்ட் இல்லை, ரேடியோவுக்குப் போட பற்றரிகூட இல்லை. அப்போது ரோட்டை ஆண்டவை தாத்தா காலத்து ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் கார்கள்தான். குடித்தது மண்ணெண்ணெய்.

அது ஓடிய விதத்தைச் சொல்ல வேண்டும். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் லேசில் ஆவியாகாது. அதனால் சின்ன மருந்துப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் பெற்றோலில் சில துளியை, எண்ணெயையும் காற்றையும் கலக்கிற காபரேற்றருக்குள் விட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணுவார்கள். எஞ்சின் சூடாகிவிட்டால் பிறகு மண்ணெண்ணெயிலேயே இழுத்துக்கொண்டு போகும். மோட்டார் சைக்கிளுக்கும் இதே வைத்தியம்தான். பின்னால் வெள்ளைப் புகை, தொண்டையைக் கரகரக்க வைக்கும் மணம். ஸ்பார்க் பிளக்கில் கரி பிடிக்கும், கழற்றித் தேய்த்துப் பூட்ட வேண்டும். பழைய எஞ்சின்கள் எண்ணெய்க் கலவையை அமுக்குகிற அளவு (அழுத்த விகிதம்) குறைவு, அதனால் தரங்கெட்ட எண்ணெயையும் பொறுத்துக்கொண்டன. இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டிக்குள் மண்ணெண்ணெயை ஊற்றினால் அது ஒழுங்காக ஓடாது.

அந்த மண்ணெண்ணெய்க்கும் வீட்டிலேயே போட்டி. ஜாம் போத்தல் விளக்குக்கும் அதுதான், வெங்காயத்துக்கு இறைக்கிற பம்புக்கும் அதுதான். ஆகவே காரை வெளியே எடுக்க ஒரு வலுவான காரணம் வேண்டும். பிள்ளைப்பேறு, ஆஸ்பத்திரி, கலியாணம். மற்ற எல்லாவற்றுக்கும் சைக்கிள்.

விறகு, நெல்மூட்டை, நோயாளி, பள்ளிக்கூடப் பிள்ளை எல்லாம் சைக்கிளில்தான் போனார்கள். இரவில் அதையே தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ போட்டுச் செய்தி கேட்டார்கள். ஒருவர் சுற்ற, மற்றவர்கள் காதைக் கொடுத்திருப்பார்கள். சுற்றுகிறவருக்குக் கை நொந்தால் செய்தி வாசிப்பவருக்கும் குரல் இறங்கும். எந்த யூனிமொக் இந்த வேலை பார்க்கும்?

1995 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் முன்னேறி வர, யாழ்ப்பாணத்தின் வலிகாமத்துச் சனம் லட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. அந்த நெரிசலில் சைக்கிளை ஓட முடியாது, உண்மைதான். ஆனால் உருட்டலாம். கரியரில் வயது போன அம்மா, ஹாண்டிலில் இரண்டு பை. கார் வைத்திருந்தவர்கள் அதே சனத்துக்கு நடுவில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தார்கள். பேரழிவுப் படங்களில் கதாநாயகன் வெறுமையான நெடுஞ்சாலையில் பறப்பான். நிஜத்தில் அந்த ரோட்டில் ஊரே நிற்கும்.

‘அதெல்லாம் போர்க்காலம்’ என்பவர்களுக்கு 2022இல் இலங்கையில் வந்த எரிபொருள் தட்டுப்பாடு ஞாபகம் இருக்கும். ஜூன் 27ஆம் திகதி அறிவித்து, ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்றார்கள். கொழும்பில் புதுக் கார்கள் வரிசையில் படுத்திருந்தன. ‘என்னுடையது கரண்டில் ஓடும்’ என்ற நிசான் லீஃப்காரரும் சிரித்திருக்க முடியாது. அதே வருடம் மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு.

கார்தான் வேண்டும் என்று நிற்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தமிழ்நாட்டில் கரியை எரித்து, அந்த வாயுவில் பஸ் ஓட்டினார்கள். பொறுமையும் கைத்தொழிலும் தெரிந்த ஆள் இன்றைக்கும் செய்யலாம். ஆனால் யூனிமொக் கேட்கிற பெடியள் காலையில் எழும்பி அடுப்பு மூட்டுவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

என்னைக் கேட்டால், கியர் இல்லாத பாரமான பழைய சைக்கிள் ஒன்று, பெரிய கரியர், டைனமோ, காற்றடிக்கிற பம்ப், ஒட்டுப் போடுகிற சாமான், கூடுதலாக இரண்டு ரயரும் நாலு ரியூப்பும். மொத்தச் செலவு ஹைலக்ஸின் ஒரு சில்லின் விலையை விடக் கொஞ்சம் கூடுதலாகவும் வரலாம். பரவாயில்லை.

ஹைலக்ஸ் கட்சிக்காரர் கீழே வந்து சண்டை பிடிக்கலாம். ஆனால் மூன்றாவது மாதம் எங்கே எண்ணெய் அடிப்பீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கோ.