இரண்டு நாள் எம்சி, அப்புறம் லைட் டியூட்டி

மருத்துவத்தில் நெறி கெட்டுவிட்டது என்று பேச்சு வந்தால், மருந்து கம்பெனி கமிஷன், தேவையில்லாத ஸ்கேன், கண்ணைக் கட்டும் பில் என்றுதான் நாம் ஆரம்பிப்போம். பேச வேண்டிய விஷயங்கள்தான். ஆனால் சிங்கப்பூரில் நம் மொழி பேசுகிறவர்களை நேராகத் தாக்குகிற ஒரு விஷயத்தைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. வேலையிடத்தில் அடிபட்ட ஒரு வெளிநாட்டு ஊழியருக்கு டாக்டர் எத்தனை நாள் எம்சி, அதாவது மருத்துவ விடுப்புச் சான்றிதழ், எழுதுகிறார்? அந்த எண்ணை முடிவு செய்வது அவருடைய காயமா, அவரைக் கூட்டிவந்த கம்பெனியா?

இது என் கற்பனை இல்லை. 2011இல் ஒரு கட்டுமான ஊழியருக்குக் கை எலும்பு முறிந்து, தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பின் அவருக்குக் கிடைத்தது இரண்டே நாள் மருத்துவ விடுப்பு. அப்புறம் லைட் டியூட்டி, அதாவது காயத்தோடு செய்யக்கூடிய இலேசான வேலை. டாக்டர்களின் நடத்தையைக் கண்காணிக்கும் சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் ஒழுங்கு விசாரணையில் அந்த டாக்டர் மீது தவறில்லை என்று முதலில் முடிவானது. மேல்முறையீட்டில் 2016இல் உயர் நீதிமன்றம் அதை மாற்றி, ஆறு மாதம் தொழில் செய்யக் கூடாது என்று தடை விதித்தது. 2019இல் இன்னொரு எலும்பு நிபுணருக்கு ஐந்து மாதத் தடை. அதிலும் நோயாளி கட்டுமான ஊழியர், அதிலும் எலும்பு முறிவு, அதிலும் போதாத விடுப்பு. லைட் டியூட்டி என்று எழுதினால், அப்படி ஒரு வேலை அந்த ஆளுக்கு அங்கே உண்மையிலேயே இருக்கிறதா என்று டாக்டர் விசாரித்திருக்க வேண்டும் என்பதுதான் 2016 தீர்ப்பின் அடிப்படை.

ஏன் இந்தக் கஞ்சத்தனம் என்று கேட்பீர்கள். அப்போதைய விதிப்படி, வேலை விபத்தில் காயப்பட்டவருக்கு மூன்று நாளுக்கு மேல் எம்சி கிடைத்தால் முதலாளி மனிதவள அமைச்சுக்குத் தெரிவித்தாக வேண்டும். இரண்டு நாள் எம்சியும் மீதிக்கு லைட் டியூட்டியும் என்றால் கணக்கு மூன்றைத் தாண்டாது, விபத்து பதிவேட்டில் ஏறாது. எலும்பு கூட எத்தனை வாரம் ஆகும் என்பது ஊரில் கட்டுப் போடுகிறவருக்கே தெரியும். ஆபரேஷன் தியேட்டரில் நின்று பிளேட் வைத்த டாக்டருக்குத் தெரியாதா?

2020 செப்டம்பர் முதல் விதி மாறியது. ஒரு நாள் எம்சியோ லைட் டியூட்டியோ கொடுத்தாலே இப்போது தெரிவிக்க வேண்டும். லைட் டியூட்டி நாட்களுக்கும் சராசரி வருமானப்படி இழப்பீடு உண்டு. நல்ல மாற்றம், மனதார வரவேற்கிறேன். ஆனால் சிகிச்சை அறைக்குள் இருக்கிற அழுத்தத்தை அந்த விதியால் தொட முடியவில்லை.

வார இறுதிகளில் அடிபட்ட ஊழியர்களுக்கு மொழிபெயர்க்கப் போவேன். அங்கே திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான்: கிளினிக்கைத் தேர்ந்தெடுப்பது கம்பெனி, பணம் கட்டுவது கம்பெனி, டாக்டரிடம் பேசுவதும் கம்பெனி ஆள். அறந்தாங்கிப் பக்கத்துத் தம்பி ஒருவருக்குக் குழாய் விழுந்து இரண்டு விரல் நசுங்கிவிட்டது. உள்ளே சூப்பர்வைசர்தான் டாக்டரோடு ஆங்கிலத்தில் பேசினாராம். "ஸ்டோர்ல உக்கார வச்சிக்கிறோம்னு சொன்னாருண்ணே, எனக்கு அவ்வளவுதான் புரிஞ்சுது" என்றார் அந்தத் தம்பி. ஸ்டோரில் நாற்காலிகூடக் கிடையாது. இடது கையால் குப்பை அள்ளி, ஃபிட்டிங்ஸ் தூக்கி, தையல் பிரிந்துதான் அடுத்த கிளினிக்குக்கு வந்திருந்தார். அந்த சூப்பர்வைசரும் தமிழர்தான். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார். ஆனால் தன் எதிரில் உட்கார்ந்திருக்கும் நோயாளியின் வாயிலிருந்து ஒரு வார்த்தைகூட வராமல் ஒரு டாக்டர் எப்படி அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டார்? தமிழ் இந்த நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்று. தமிழ் தெரிந்த ஒரு நர்ஸைக் கூப்பிட ஒரு போன் போதும்.

லைட் டியூட்டி என்ற சொல் எவ்வளவு மெத்தென்று இருக்கிறது! காலையில் லாரியின் பின்புறம் ஏறி, கட்டுப் போட்ட கையோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு சைட்டுக்குப் போவதும் அதில் சேர்த்தி. கன்டெய்னர் ஆபீஸ் வாசலில் சாயங்காலம் வரை சும்மா உட்கார்ந்திருப்பதும் சேர்த்தி. அந்த ஆள் படுத்து ஓய்வெடுக்க வேண்டும் என்பதைத் தவிர எல்லாமே அதில் சேர்த்திதான்.

எம்சியைத் தவறாகப் பயன்படுத்துகிறவர்களும் இருக்கிறார்களே என்று சிலர் எழுதுவார்கள். இருக்கிறார்கள். 2024இல் ஒரு நிமிடம்கூட ஓடாத வீடியோ ஆலோசனையில் எம்சி வாங்குவது பெரிய சர்ச்சையானதும், ஒரு தொலைமருத்துவ நிறுவனத்தின் உரிமம் பறிபோனதும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் திங்கட்கிழமை அலுப்புக்கு எம்சி தேடுகிறவரையும் எலும்பு உடைந்தவரையும் ஒரே சந்தேகக் கண்ணோடு பார்ப்பது அநியாயம். ஏசி அறை ஊழியருக்கு எம்சி தாராளமாகவும் இரும்பு தூக்குகிறவருக்குக் கணக்குப் பார்த்தும் கிடைக்கிறது என்றால், அதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இருக்க முடியாது. பணம் யார் கட்டுகிறார், முதலாளி என்ன விரும்புகிறார் என்பதையெல்லாம் பார்க்காமல், மருத்துவக் காரணத்துக்காக மட்டுமே விடுப்புச் சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்று மருத்துவ மன்றத்தின் நெறிமுறையே சொல்கிறது. யாரும் புதிதாக எழுத வேண்டியதில்லை, இருப்பதைப் பின்பற்றினால் போதும்.

வெளிநாட்டு ஊழியர்களுக்காக 2022 ஏப்ரலில் வந்த ஆரம்பப் பராமரிப்புத் திட்டத்தில், டாக்டரை நேரில் பார்க்க 5 வெள்ளி, தொலைமருத்துவம் என்றால் 2 வெள்ளி என்று ஆரம்பித்தார்கள். காய்ச்சல், சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாவற்றுக்கும் இது பெரிய உதவி. ஆனால் விரல் நசுங்கியவருக்கு வேண்டியது, கம்பெனி ஆளை இரண்டு நிமிடம் வெளியே நிற்கச் சொல்லும் ஒரு டாக்டர். "நீ என்ன வேலை செய்கிறாய், எதைத் தூக்குகிறாய், எங்கே தூங்குகிறாய்" என்று கேட்கும் ஒரு டாக்டர். அப்படிப்பட்டவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள், என் கண்ணால் பார்த்திருக்கிறேன். சுமை முழுக்க அவர்கள் தலையிலேயே விழக் கூடாது என்பதுதான் என் ஆதங்கம். கம்பெனி ஆள் மொழிபெயர்ப்பாளராக உட்காருவதை மருத்துவமனைகளே தடுக்க வேண்டும்.

இதைப் படிக்கிறவர்களில் தங்கும் விடுதியில் இருக்கும் தம்பிகளோ, அவர்களைத் தெரிந்தவர்களோ இருந்தால் சில விஷயங்கள். எம்சி தாளையும் லைட் டியூட்டி தாளையும் கையில் வாங்கியதும் போனில் படம் எடுத்து வையுங்கள், ஊரில் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். வலி குறையவில்லை என்றால் வேறு டாக்டரிடம் போகலாம். விபத்து நடந்த ஓராண்டுக்குள் வேலையிடக் காய இழப்பீடு கோரலாம், வேலை பெர்மிட்டை ரத்து செய்துவிட்டார்கள் என்பதற்காக அந்த உரிமை போய்விடாது. கோரிக்கையை மனிதவள அமைச்சிடம் நீங்களே தாக்கல் செய்யலாம், முதலாளியின் சம்மதம் வேண்டியதில்லை.