வாரத் தவணையும் துணிக்கடை வரவும்
பெண்கள் குழுவாகச் சேர்ந்து வாங்கும் சிறுகடனுக்கு வாரத் தவணை கட்டிப் பழகினால் கடை தானாக வளரும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன், அதைத்தான் ஏற்க முடியவில்லை. துணிக்கடைக்கு வரவு வாரக்கணக்கிலா வருகிறது? வாழப்பாடி பக்கம் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் நானும் என் வீட்டுக்காரரும் கடை நடத்துகிறோம். ஆடியில் மாரியம்மன் பண்டிகை, தீபாவளி, பொங்கல், அவ்வளவுதான் கல்லா நிறைகிற நாட்கள். தீபாவளி முடிந்த மறுவாரம் ஒரு நைட்டி, ரெண்டு உள்பாவாடை போனாலே பெரிசு. ஆனால் வசூல் தம்பி செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கெல்லாம் குழுத்தலைவி வீட்டுத் திண்ணையில் நோட்டோடு உட்கார்ந்துவிடுவார். முதல் கடன் 50,000 ரூபாய், "12 சதவீதம்தான்" என்று சொல்லிக் கொடுத்தார்கள். பாதி அசல் அடைத்த பிறகும் முழு 50,000-க்கே வட்டி ஓடுகிற கணக்கு அது, வருஷத்துக்கு 6,000. குறையும் அசலுக்குப் போட்டுப் பார்த்தால் 22 சதவீதம் பக்கம் வரும். முத்ரா (சிறு தொழிலுக்கு மத்திய அரசின் வங்கிக் கடன் திட்டம்) வாங்கலாமே என்று சிலர் கேட்கலாம். வாங்கினோம், அதில் சிசு என்ற ஆரம்பப் பிரிவில் 50,000 வரை கிடைக்கும், அடமானம் இல்லை, மாதத் தவணை என்பதே பெரிய நிம்மதி (வங்கிக்கு எத்தனை நடை என்று கேட்காதீர்கள்). ஆனால் கடையைத் தூக்கி நிறுத்தியது சேலம் பக்கத்து நெசவு ஊரான இளம்பிள்ளையின் சேலை வியாபாரிதான். 45 நாள் தவணைக்குச் சரக்கு கொடுத்து, விற்காத சேலைகளை மடிப்புக் கலையாமல் இருந்தால் திரும்ப எடுத்துக்கொண்டார். இப்போதும் கடன் வாங்குகிறேன், ஆனிக் கடைசியில் வாங்கி, தீபாவளிக் காசில் அடைத்துவிடுகிற அளவுக்கு மட்டும்.