முதலில் ரூபோகாப், பிறகு ஏஐ

ரூபி மொழியில் எழுதிய கோடை ஏஐ வைத்துச் சோதிப்பது பற்றிய ஒரு கட்டுரை, முழு ப்ராஜெக்ட்டையும் அதனிடம் கொடுத்து "கோடு தரம் எப்படி?" என்று கேட்கச் சொல்கிறது. அப்படிக் கேட்டால் பொதுவான அறிவுரைதான் வரும். கோடைத் தானாகச் சோதிக்கும் கருவிகளான ரூபோகாப் (எழுத்து நடை), ரீக் (வடிவமைப்புக் குறைகள்), பிரேக்மேன் (ரெயில்ஸ் பாதுகாப்பு ஓட்டைகள்) மூன்றையும் முதலில் ஓட்டி, அந்த அறிக்கையோடு ஒரு நேரத்தில் ஒரே கிளாஸையும் அதன் டெஸ்ட்டையும் கொடுங்கள். மெத்தடுக்கு 10 வரி, ஏபிசி அளவு (மதிப்பு ஒதுக்கல், அழைப்பு, நிபந்தனை ஆகியவற்றின் எண்ணிக்கையிலிருந்து வரும் சிக்கல் அளவு) 17 என்பது ரூபோகாப்பின் இயல்பு வரம்பு. அதை எண்ண ஏஐ எதற்கு? ஒரு கிளாஸ் இரண்டு பேர் வேலையைப் பார்க்கிறதா என்று கேளுங்கள், அங்கேதான் அது உதவும்.

"இந்த மெத்தடை யாரும் அழைக்கவில்லை" என்று ஏஐ சொன்னால் தயவுசெய்து உடனே நீக்காதீர்கள். பெயரைக் கொடுத்து மெத்தடை அழைக்கும் 'ஸெண்ட்' வழியாகவோ, ரெயில்ஸ் (ரூபியின் வலைதளக் கட்டமைப்பு) கால்பேக்கில் சிம்பலாகவோ (:பெயர் வடிவில்) அழைப்பு ஒளிந்திருக்கலாம். வியூ கோப்புகள் உட்பட எல்லா இடத்திலும் பெயரைத் தேடுங்கள். பெயரையே துண்டு துண்டாக ஒட்டி 'ஸெண்ட்'டுக்குக் கொடுத்திருந்தால் தேடலிலும் சிக்காது; 'ஸெண்ட்' வரும் வரிகளைத் தனியாகப் படித்தே ஆகவேண்டும்.

இன்னொன்று, கணக்கிட்ட மதிப்பை வைத்துக்கொள்ள ஏஐ அடிக்கடி '||=' (மாறியில் மதிப்பு இல்லாதபோது மட்டும் கணக்கிட்டு வைக்கும் குறி) போடச் சொல்லும். விடை 'நில்' (மதிப்பே இல்லை) அல்லது 'ஃபால்ஸ்' என்றால் ஒவ்வொரு முறையும் அதே கணக்கு மறுபடி ஓடும். அங்கே, மாறி ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்க்கும் 'டிஃபைன்ட்?' சோதனைதான் சரி.