பதிவு செய்துவிட்டால் மட்டும் போதாது

பதிவு செய்த உயிலை எதிர்த்து வழக்குப் போட்டுப் பிரயோஜனமில்லை என்று ஒரு கட்டுரையில் எழுதியிருந்தார்கள், அது தவறு. 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டம் 63-ஆம் பிரிவுப்படி இரண்டு சாட்சிகள் வேண்டும், உயில் எழுதியவர் கையெழுத்துப் போட்டதை அவர்கள் நேரில் பார்த்திருக்க வேண்டும், இல்லையென்றால் அது தன் கையெழுத்துதான் என்று அவரே அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். எங்கள் பெரியம்மாவின் உயிலும் பதிவானதுதான். கடைசி மாதம் வரை பென்ஷன் தாளில் அழகாகக் கையெழுத்துப் போட்டவர், உயிலில் மட்டும் கைநாட்டு! குறுக்கு விசாரணையில் சாட்சி, "திண்ணையில் உட்கார்ந்திருந்தேன், உள்ளேயிருந்து பேப்பர் வந்தது, போட்டேன்" என்றார். அங்கேயே வழக்கு உயிலுக்கு எதிராகத் திரும்பியது. சந்தேகம் இருந்தால் அதைத் தீர்க்க வேண்டியது உயிலைக் காட்டிச் சொத்துக் கேட்பவர்தான், 1959-லேயே வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. அப்புறம், பெரியவர்களின் பழைய கையெழுத்து உள்ள எந்தத் தாளையும் தூக்கிப் போடாதீர்கள்.